மகள் பாடுகிறாள், அம்மா பதறுகிறாள்

போன இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். பேத்தி வற்புறுத்தி, பில்லி ஐலிஷ் என்ற அமெரிக்கப் பாடகியைப் பற்றிய ஆவணப்படத்தைப் பார்க்க வைத்தாள், முழுசாகப் பார்த்தேன், பிடித்திருந்தது என்று. தேர்தலைப் பற்றி முக்கால் பக்கம் எழுதினால் மூன்று கடிதம் வரும். இந்த ஒரு வரிக்கு மேஜை நிறைந்துவிட்டது. பாதி 'சபாஷ்', பாதி 'உமக்கு என்ன ஆச்சு'. ஆகவே இந்த வாரம் வேறு சரக்கு இல்லை. பெயர் போடவேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் (பேரப்பிள்ளைகள் பார்த்துவிடுவார்களாம்!) எல்லோருக்கும் ஊர் மட்டும்.

யார் ஐயா இந்த பில்லி? பெயரை வைத்து ஆணா பெண்ணா என்றே சொல்ல முடியவில்லையே?
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்

முழுப் பெயரைக் கேட்டால் இன்னும் குழம்புவீர்கள்: பில்லி ஐலிஷ் பைரேட் பேர்ட் ஓ'கானல். நடுவில் வரும் 'பைரேட்', சாட்சாத் கடற்கொள்ளைக்காரரேதான். வருகைப் பதிவேட்டில் இதை எழுதும் கஷ்டம் உங்கள் இனத்தார் யாருக்கும் வரவில்லை. பெண் பள்ளிக்கூடமே போகவில்லை, படிப்பெல்லாம் வீட்டில்தான். 2001 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவருமே நடிகர்கள். நீங்களும் நானும் பெயர் கேள்விப்பட்டிராத வகை நடிகர்கள்.

13 வயதில், அண்ணன் ஃபினியஸ் எழுதிய 'ஓஷன் ஐஸ்' என்ற பாட்டைப் பாடி இணையத்தில் ஏற்றினார். நடன ஆசிரியர் ஆட்டத்துக்கு ஒரு பாட்டுக் கேட்டிருந்தார், அவருக்காக. ஆசிரியரோடு சேர்ந்து ஊரும் கேட்டுவிட்டது. அதன் பிறகு நான்கே வருஷம். 2020 ஜனவரி 26 அன்று, 18 வயதில், கிராமி மேடையில் ஐந்து விருது. அங்கே 'பெரிய நாலு' என்று சொல்லும் நான்கும் ஒரே இரவில். அவருக்கு முன் அப்படி அள்ளியவர் ஒரே ஒருவர், 1981-ல் கிறிஸ்டோஃபர் கிராஸ்.

நீர் பார்த்த படத்தின் பெயர் என்ன, எவ்வளவு நேரம்?
இல்லத்தரசி, காட்பாடி

'தி வேர்ல்ட்ஸ் எ லிட்டில் ப்ளரி'. உலகம் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது என்று அர்த்தம். என் வயதில் அது தலைப்பு இல்லை, கண் டாக்டரிடம் சொல்லும் புகார். 2021 பிப்ரவரியில் ஆப்பிள் டிவி பிளஸில் வந்தது. இயக்கியவர் ஆர்.ஜே. கட்லர். நீளம் 2 மணி 20 நிமிடம், அதாவது நம் ஊர்ப் படம் அளவு. அதைவிட ஆச்சரியம், நடுவில் 'இடைவேளை' என்று போடுகிறார்கள். அமெரிக்கன் திருந்திவிட்டான் என்று எழுந்து போய் முறுக்கு எடுத்து வந்தேன்.

கதை?
கல்லூரி மாணவர், சிவகாசி

அண்ணனும் தங்கையும் வீட்டுக்குள்ளேயே முதல் ஆல்பத்தை முடிக்கிறார்கள். அது 2019 மார்ச்சில் வெளிவருகிறது. உலகம் சுற்றுகிறார்கள். பெண் அழுகிறாள், சிரிக்கிறாள், காலைச் சுளுக்கிக்கொள்கிறாள், காதலிக்கிறாள், கைவிடுகிறாள், ஓட்டுநர் உரிமம் வாங்குகிறாள். விருது வாங்குகிறாள். வில்லன் கிடையாது. காலம்தான் வில்லன் என்று எழுதத் தோன்றுகிறது, பேத்தி 'ஐயே' என்கிறாள். எடுத்துவிட்டேன்.

ஆல்பத்தை வீட்டுக்குள்ளேயே பதிவு செய்தார்கள் என்கிறீர்களே, நம்புகிற மாதிரியா இருக்கிறது? ஒலிப்பதிவுக் கூடம் இல்லாமல் எப்படி?
மைக்செட் கடைக்காரர், தேனி

உங்களுக்குத்தான் இந்தப் படத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். ஹைலண்ட் பார்க் என்ற பகுதியில் ஒரு சின்ன வீடு. அதில் அண்ணனின் படுக்கையறை. கட்டில், கம்ப்யூட்டர், ஒலிபெருக்கி, ஒரு மைக். தங்கை கட்டில்மேல் உட்கார்ந்துகொண்டு முணுமுணுக்கிறாள். கத்திப் பாட இடமில்லாத வீட்டில் பிறந்த பாணியோ என்னவோ, அந்தக் கிசுகிசுப்புத்தான் பிறகு உலகம் பூராவும் ஓடியது.

சத்தங்களைப் பொறுக்கிய விதத்தைக் கேளுங்கள். 'பெரி எ ஃபிரண்ட்' பாட்டில் பல் டாக்டர் கருவியின் ஓசை இருக்கிறது. பில்லி தன் பல்லுக்கு வைத்தியம் பார்க்கும்போதே பதிவு செய்துகொண்டது. 'பேட் கை' பாட்டில் தட்டுகிற ஒரு சத்தம், ஆஸ்திரேலியாவில் தெருவைக் கடக்கிறவர்களுக்காகச் சிக்னல் கம்பத்தில் வைத்திருக்கும் பொத்தானின் டிக்டிக். அந்த 'பேட் கை'தான் 2019 ஆகஸ்டில் அமெரிக்கப் பட்டியலில் முதல் இடத்துக்கு வந்து, 19 வாரமாக அங்கே சட்டமாக உட்கார்ந்திருந்த 'ஓல்ட் டவுன் ரோட்' பாட்டை இறக்கியது. பெரிய கூடத்துக்கு நாள் வாடகை கொடுக்கிறவர்களுக்கு அன்று இரவு தூக்கம் வந்திருக்காது.

பிள்ளைகள் இப்படி அறைக்குள் அடைந்துகிடந்தால் அந்த அப்பா, அம்மா ஒன்றும் சொல்லவில்லையா?
தாய், நாமக்கல்

அம்மா மேகி பேர்ட்தான் எனக்கு அந்தப் படத்தின் கதாநாயகி. மகள் பாடுகிறாள், அம்மா பதறுகிறாள், படம் அதுதான். ஒரு காட்சியில் பின்கட்டில் ஒரு நாற்காலியைப் போட்டு மகள் அம்மாவை உட்கார வைக்கிறாள். தன் பாட்டுக்கான வீடியோவில், கண்ணிலிருந்து கருப்பாகக் கண்ணீர் வழிய வேண்டும், அதற்கு முன் ஒரு டம்ளரை எடுத்துக் குடிக்க வேண்டும். எப்படி எடுப்பது, கேமரா எங்கே நிற்பது என்று அம்மாவை வைத்து ஒத்திகை. அம்மா சொன்னபடி கேட்கிறார். தொழில் தெரிந்த நடிகை, மகளிடம் டைரக்‌ஷன் வாங்கிக்கொண்டு நடிக்கிறார். எந்த வசனமும் தேவைப்படவில்லை.

என் மனைவி படம் முழுக்க ஒரே கேள்விதான் கேட்டாள்: 'அந்தப் பொண்ணு எப்போ சாப்பிடுது?' 2020-ல் கொரோனா வந்தபோது மேகி ஓர் அமைப்பு தொடங்கி, பசித்தவர்களுக்கு இறைச்சி, பால் கலக்காத சாப்பாடு கொடுத்தவர் என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு மனசு ஆறியது.

அப்பா?
நகராட்சி ஊழியர், மன்னார்குடி

அப்பாக்கள் வழக்கம்போல் வண்டிப் பக்கம் நிற்கிறார்கள். மகள் உரிமம் வாங்கியதும் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். பாட்ரிக் ஓ'கானல் வாசலில் நின்று பார்க்கிறார். கார் போன பிறகு பேச ஆரம்பிக்கிறார். அரங்கம் நிறைய மகள் பாடும்போது வராத கவலை, தெருமுனை திரும்பும்போது வருகிறது.

கேமராவை முன்னால் வைத்துக்கொண்டு யார் உண்மையாக இருப்பார்கள்? எல்லாம் நடிப்புத்தானே?
சந்தேகப் பிராணி, சேலம்

பெண் பார்க்க வருகிற நாளில் பஜ்ஜி நிஜம், சொஜ்ஜி நிஜம், பெண்ணும் நிஜம். ஆனாலும் அந்த வீட்டில் தினசரி இப்படியா என்று கேட்டால் பெண்ணின் தம்பி சிரித்துவிடுவான். இந்தப் படங்களும் அந்த வகை நிஜம்.

கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பத்துக் கடிதத்தில் இதே கேள்வி. படத்தின் ஆரம்பத்தில் பெயர்கள் ஓடும்போது நான் முறுக்கை நிறுத்திவிட்டுப் படிப்பேன், பழைய பழக்கம். தயாரித்தவர்கள் வரிசையில் இன்டர்ஸ்கோப் இருக்கிறது. பில்லியின் பாட்டை விற்கும் கம்பெனி அதுதான். படத்தை ஆப்பிள் 2 கோடியே 50 லட்சம் டாலருக்கு வாங்கியதாக ஹாலிவுட் பத்திரிகைகள் எழுதின. ஆகவே கேமராவுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது ஒளிவுமறைவு இல்லை.

ஆனால் அதே படத்தில் இப்படியும் ஒரு காட்சி. ஃபினியஸ் அம்மாவிடம் சொல்கிறான்: கம்பெனிக்கு ஒரு 'ஹிட்' வேண்டுமாம், என்னை எழுதச் சொல்கிறார்கள், ஆனால் அப்படிக் கேட்டதைத் தங்கையிடம் சொல்லக் கூடாதாம். இருபத்தோரு வயதுப் பையன், நடுவில் மாட்டிக்கொண்ட சம்பந்தி மாதிரி விழிக்கிறான். கம்பெனி பணம் போட்ட படத்தில் கம்பெனியின் குட்டு. கட்லர் இதைக் கழற்றி எறியாமல் வைத்திருக்கிறார் பாருங்கள், அதற்காகவே மீதிப் பஜ்ஜியையும் நம்பிச் சாப்பிட்டேன்.

இந்த வகைப் படத்தை முதலில் ஆரம்பித்தது யார்?
நூலகர், பாளையங்கோட்டை

'முதலில்' என்று சொன்னால் அடுத்த வாரம் நீங்களே திருத்திக் கடிதம் போடுவீர்கள். எனக்குத் தெரிந்த ஆதிக் கிழவன் 1962-ல் வந்த 'லோன்லி பாய்'. கனடா நாட்டு அரசின் தேசியத் திரைப்பட வாரியம் எடுத்தது. வுல்ஃப் கோனிக், ரோமன் கிராய்ட்டர் என்று இரண்டு இயக்குநர்கள். அரை மணி நேரம்கூட இல்லை. ஆள் பால் ஆங்கா. 15, 16 வயதில் 'டயானா' என்று பாடி உலகத்தைக் கிறங்கடித்த ஒட்டாவா நகரத்துப் பையன், படம் எடுக்கும்போது இருபதைத் தொட்டவன்.

இதற்குப் பிறகு வந்த அத்தனை படங்களின் விதையும் இதில் இருக்கிறது. கதறும் பெண்கள், மேடைக்குப் பின்னால் சட்டை மாற்றும் அறை, எல்லாம். மேலாளர் இர்வின் ஃபெல்ட் கேமராவைப் பார்த்து, பையனின் மூக்கைத் திருத்தியது, உடம்பைக் குறைத்தது எல்லாவற்றையும் மாடு வாங்கி வந்தவர் சுழி சொல்வதுபோல் சொல்கிறார். (இவர் 1967-ல் ரிங்லிங் சர்க்கஸ் கம்பெனியையே விலைக்கு வாங்கினார். அனுபவம் வீண்போகவில்லை.)

எனக்குப் பிடித்த காட்சி இதுதான். நியூயார்க்கில் கோபகபானா என்ற பெரிய கேளிக்கை விடுதி. அதன் முதலாளிக்குப் பாடகர் ஒரு பரிசு கொடுக்கிறார். முதலாளி நெகிழ்ந்து ஒரு முத்தம் கொடுக்கிறார். உடனே கேமராவுக்குப் பின்னாலிருந்து குரல்: இன்னொரு முறை கொடுங்களேன்! கொடுக்கிறார்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்தக் குரலையும் சிரிப்பையும் வெட்டாமல் படத்திலேயே விட்டுவிட்டார்கள். சேலத்துச் சந்தேகப் பிராணிக்கான பதில் 1962-லேயே எழுதியாகிவிட்டது. இதை எடுத்தது சர்க்கார் காசு என்பதையும் கவனியுங்கள். பையனின் ஆட்கள் யாரும் பணம் போடவில்லை, அதனால்தான் மூக்கு வரைக்கும் பேச்சு வந்தது.

பாப் டிலன் படத்தைவிடவா இந்தப் பெண் படம் பெரிது?
பழைய ரசிகர், பெங்களூரு

பெரிது என்று யார் சொன்னார்கள்? 1965-ல் இங்கிலாந்துப் பயணம், டி.ஏ. பென்னிபேக்கர் தோளில் கேமராவோடு பின்னாலேயே போனார், 1967-ல் 'டோன்ட் லுக் பேக்' வந்தது. டிலனுக்கு அந்தப் பயணத்தின்போது 23 வயது. 'டைம்' பத்திரிகை நிருபரை உட்கார வைத்து வறுத்தெடுப்பார், பார்த்தால் நம் தொழில்மேல் நமக்கே பரிதாபம் வரும். ஆனால் டிலனுக்காக எந்த அம்மாவும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்கவில்லை. பில்லி படத்தில் அது இருக்கிறது. பென்னிபேக்கரைக் கூப்பிட்டு அழைத்துப் போனவர் யார் தெரியுமா? டிலனின் மேலாளர் ஆல்பர்ட் கிராஸ்மன். கருப்பு வெள்ளைக் காலத்திலும் கேமராவுக்குப் பின்னால் ஒரு கல்லாப்பெட்டி.

மடோனா?
'80-களின் குழந்தை', கோவை

1991. 'ட்ரூத் ஆர் டேர்'. மேடை கலரில், மேடைக்குப் பின்புறம் கருப்பு வெள்ளையில். அப்போதைய காதலர் வாரன் பேட்டி, கேமரா இல்லாவிட்டால் இவளுக்குப் பேசவே பிடிக்காது என்கிற மாதிரி முணுமுணுப்பார். அந்தப் படத்திலேயே விவரமான ஆள் அவர்தான். அவரும் கேமரா முன்னால்தான் சொன்னார்.

பில்லியும் ஜஸ்டின் பீபரும் சந்திக்கும் காட்சியில் என் மகள் கதறிவிட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்குவீர்களா?
தகப்பன், ராஜபாளையம்

உங்கள் மகளுக்குப் புரிந்தது உங்களுக்குப் புரிய, பின்னாலிருந்து வர வேண்டும்.

2011 பிப்ரவரியில் 'நெவர் சே நெவர்' என்று ஒரு படம். 16 வயது பீபர். 3டி கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். நாற்காலியைத் தாளம் போடும் குழந்தை, கனடாவின் சின்ன ஊர், நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்துக்கு நாள் நெருங்கும்போது கட்டிக்கொள்ளும் தொண்டை, கடைசியில் வெற்றி. ஜான் எம். சூ இயக்கினார். தயாரிப்பாளர்களில் ஒருவர் பீபரின் மேலாளர் ஸ்கூட்டர் பிரான் (கல்லாப்பெட்டி, ஆஜர்). உலகம் முழுக்க 10 கோடி டாலரை ஒட்டி வசூல்.

அந்தக் கூட்டத்தின் கோடிக்கணக்கான பித்துப்பிடித்த சிறுமிகளில் ஒருத்தி பில்லி. பீபர்மேல் மகளுக்கிருந்த பைத்தியத்தைப் பார்த்து, மனநல ஆலோசகரிடம் காட்டலாமா என்று யோசித்ததாக மேகியே சொல்கிறார். இப்போது 2019 ஏப்ரல், கலிஃபோர்னியாவில் கோச்செல்லா இசைவிழா. கூட்டத்தில் முகத்தை மறைத்துக்கொண்டு ஒருவர் பில்லி முன்னால் வந்து நிற்கிறார். பீபர். பெண் சிலையாகிவிடுகிறாள். அவர் நெருங்கவும் இல்லை, நகரவும் இல்லை. அப்படியே காத்திருக்கிறார். எவ்வளவு நேரமோ. பிறகு அவளாக வந்து கட்டிக்கொண்டு விம்முகிறாள்.

அந்தக் காத்திருப்பைத்தான் நான் இரண்டாம் முறை ஓடவிட்டுப் பார்த்தேன். 16 வயதில் தன்னைச் சுற்றி என்ன நடந்தது என்று தெரிந்த ஒருவர், 17 வயதில் அதே சுழலில் நிற்கிற பெண்ணுக்குக் கொடுத்த இடம் அது. 3டியில் எடுத்த படத்தில் இப்படி ஓர் ஆழம் இல்லை.

அதே விழாவில் அந்தப் பெண் பாட்டு வரியையே மறந்துவிட்டதாமே? இதையெல்லாம் படத்தில் காட்டுவார்களா?
சங்கீத சபா உறுப்பினர், மயிலாப்பூர்

காட்டினார்கள். மறந்தாள், மேடையிலேயே ஒப்புக்கொண்டாள், இறங்கி வந்து நொந்துகொண்டாள். உங்கள் சபாவில் வரி மறந்தால் என்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரியும். வயலின்காரரைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு ஸ்வரத்துக்குத் தாவிவிடுவார்கள், ரசிகர்கள் 'பேஷ்' என்பார்கள்.

சிரிக்கிற மாதிரி எதுவுமே இல்லையா? எல்லாம் அழுகைதானா?
கைத்தறி வியாபாரி, சின்னாளப்பட்டி

இருக்கிறது. பாடகி கேட்டி பெர்ரி வந்து பில்லியைக் கட்டிக்கொள்கிறார், அடுத்த பத்து வருஷம் விசித்திரமாக இருக்கும், பேச வேண்டும்போல் இருந்தால் கூப்பிடு என்கிறார். கூடவே தன் வருங்காலக் கணவர் என்று ஒருவரை அறிமுகப்படுத்துகிறார். பில்லி மரியாதையாகத் தலையாட்டுகிறாள். அப்புறம்தான் அண்ணன் சொல்கிறான், அது ஆர்லாண்டோ புளூம், நாம் பார்த்த கடற்கொள்ளைக்காரர் படத்தின் நடிகர் என்று. யாரோ ஓர் ஆள் என்று நினைத்தேனே என்று பெண் தலையில் கைவைத்துக்கொள்கிறாள். பெயரிலேயே பைரேட்டை வைத்துக்கொண்டு!

கேட்டி பெர்ரி சும்மா சொல்லவில்லை. 2012-ல் அவரைப் பற்றி வந்த 'பார்ட் ஆஃப் மி' படத்தில் ஓர் இடம். கல்யாணம் முறிகிற சமயம். பிரேசிலில் சாவோ பாலோ நகரம். மேடைக்கு அடியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுகிறார். மேலே கூட்டம் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. தூக்கிவிடும் பலகையில் ஏறி நிற்கிறார். பலகை நகரும் கணத்தில் முகத்தில் சிரிப்பு வருகிறது. வருவது அல்ல, மாட்டிக்கொள்வது. நீங்கள் சிரிப்பு கேட்டீர்கள், நான் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

பாட்டெல்லாம் ஒரே இருட்டு, சாவு. பெற்றவர்கள் இதைக் கேட்டுக்கொண்டு எப்படி இருக்கிறார்கள்?
பெயர், ஊர் வேண்டாம் என்று எழுதிய தாய்

நீங்கள் கேட்டதையே அந்த அம்மாவும் கேட்கிறார். கூரையிலிருந்து விழுவதைப் பற்றிய ஒரு பாட்டை மகள் எழுதும்போது, மேகி கலங்கிப்போய், இது வேண்டுமா என்கிறார். மகளின் பதிலின் சாரம் இது: இதைப் பாட்டில் எழுதிக்கொண்டிருப்பதால்தான் செய்யாமல் இருக்கிறேன். பழைய நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிக் காட்டுகிறாள். கிறுக்கல்கள், படங்கள். தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்ட நாட்களைப் பற்றியும் பேசுகிறாள்.

அம்மா நோட்டைப் பிடுங்கவில்லை. 'நல்லதா நாலு பாட்டு எழுது' என்று சொல்லவும் இல்லை. பயந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியை இங்கே போடவில்லை, தனியாகப் பதில் எழுதியிருக்கிறேன். அதில் சொன்ன டாக்டரைக் கட்டாயம் பாருங்கள்.

தொளதொளவென்று ஏன் அப்படி உடுத்துகிறாள்? தையல்காரர் கிடைக்கவில்லையா?
தையல்காரர், ஈரோடு

தொழில் அக்கறை புரிகிறது. உள்ளே உடம்பு எப்படி என்று யாரும் எடைபோட்டுப் பேச முடியாதபடி இருக்கட்டும் என்றுதான் பெரிய உடை என்று அவரே ஒரு விளம்பரத்தில் சொன்னார். சரியான அளவில் தைத்துக்கொடுத்திருந்தால், உங்களைப் போலவே உலகம் பூராவும் அளவு நாடாவோடு வந்திருக்கும்.

திடீர் திடீரென்று முகம் வெட்டுகிறதே, அது ஸ்டைலா?
பிளஸ் ஒன் மாணவி, பொள்ளாச்சி

இல்லை அம்மா. அவருக்கு டூரெட் என்ற நரம்புக் கோளாறு உண்டு, அதைச் சொல்லியும் இருக்கிறார். நினைத்தாலும் அடக்க முடியாத வெட்டு அது. படத்தில் அதை மறைக்கவில்லை. வகுப்பில் யாருக்காவது இருந்தால் 'ஸ்டைல்' பார்க்காதே.

பிளாக்பிங்க் படம் பார்த்தீர்களா? பார்க்காமல் பேசாதீர்கள்.
ஏழாம் வகுப்பு, ஆவடி

உத்தரவு. பார்த்தேன். 'லைட் அப் தி ஸ்கை', 2020, நெட்ஃபிளிக்ஸ். நாலு பெண்கள். தாய்லாந்திலிருந்து ஒருத்தி, ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஒருத்தி, கொரியாவில் பிறந்த இருவர். சின்ன வயதிலேயே கம்பெனி விடுதியில் சேர்த்துக்கொண்டு வருஷக்கணக்கில் பயிற்சி, மாதாமாதம் பரீட்சை, தேறாதவர் பெட்டியைக் கட்ட வேண்டும். ஜென்னி ஆறு வருஷத்தை ஒட்டிப் பயிற்சியில் இருந்தவர். நீட் கோச்சிங் பார்த்த நமக்கு அதிர்ச்சி குறைவு.

ஒரு விஷயம் உனக்குப் பிடிக்கும். பில்லி வரி மறந்த அதே 2019 கோச்செல்லாவில்தான், முதல் நாள் வெள்ளிக்கிழமை, இந்த நாலு பேரும் ஆடினார்கள். ஒருத்தி அண்ணனின் கட்டிலிலிருந்து வந்தவள், நாலு பேர் கம்பெனி விடுதியிலிருந்து வந்தவர்கள், மேடை ஒரே பாலைவனத்தில். கம்பெனியில் வளர்ந்தவர்கள் ஒரு வரிகூட மறக்கவில்லை. படத்திலும் மறக்கவில்லை, அதுதான் எனக்குக் குறை. 79 நிமிடமும் பேட்டி கொடுக்கும் பிள்ளைகள் மாதிரியே இருந்தார்கள். திட்டிக் கடிதம் போடு.

எங்கட மாயாவைப் பற்றி ஒரு சொல்லும் எழுதேல்லையே? தமிழ்ப் பிள்ளை எண்டு தெரியாதோ?
ஒரு யாழ்ப்பாணத்தார், ஸ்கார்பரோ

தெரியும் ஐயா, உங்களுக்காகவே ஒதுக்கி வைத்தேன். மாதங்கி அருள்பிரகாசம், உலகத்துக்கு எம்.ஐ.ஏ. லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போர் துரத்த 1986-ல் மறுபடி லண்டனுக்கு அகதியாக வந்தவர். முதல் ஆல்பத்துக்கு அப்பா பெயர், 'அருளர்'. இரண்டாவதற்கு அம்மா பெயர், 'கலா'. சம பாகம்.

'மாதங்கி மாயா எம்.ஐ.ஏ.' 2018-ல் வந்தது, சண்டான்ஸ் விழாவில் நடுவர் சிறப்பு விருது. இந்தப் பக்கத்தில் பேசிய மற்ற படங்களிலிருந்து இது ஒரு விஷயத்தில் வேறு: கேமரா முதலில் அவர் கையிலேயே இருந்தது. பாடகி ஆகுமுன் ஆவணப்படம் எடுக்கப் படித்தவர். 2001-ல் இலங்கைக்குப் போய்ச் சொந்தக்காரர்களைப் படம்பிடித்தார். வீட்டில் அப்பாவைப் பற்றி அக்கா, தம்பி பேசும் பேச்சு, பாட்டி, படுக்கை அறைக் கண்ணாடி என்று வருஷக்கணக்காகப் பிடித்துக் குவித்த நாடாக்களை, கலைக் கல்லூரித் தோழர் ஸ்டீவ் லவ்ரிட்ஜிடம் கொடுத்தார். நண்பர் இழுத்தடித்தார், நடுவில் வெறுத்துப்போய் வேண்டாம் என்று பகிரங்கமாக முறுக்கிக்கொண்டார், திரும்பி வந்து முடித்தார். முடிந்த படத்தை மாயா பார்த்ததே விழாவில், ஊரோடு சேர்ந்துதான். பார்த்துவிட்டு அவர் சொன்ன குறை, என் பாட்டு எங்கே! அகதிப் பெண்ணின் கதைக்கு இடம் கொடுத்த நண்பர் பாடகியைச் சுருக்கிவிட்டார். தன் கையில் இருந்த கேமராவைத் தானே கொடுத்தவருக்கே இந்தக் கதி என்றால், மற்றவர்கள் மேலாளரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வதில் தப்பென்ன என்று ஒரு நிமிடம் தோன்றியது.

பாடகியின் சம்மதம் இல்லாமல் எடுத்தால்தான் நிஜம் வெளிவரும் என்பது என் கட்சி. உங்கள் கட்சி?
வழக்கறிஞர், மதுரை

இரண்டு சாட்சி, இரண்டும் உங்களுக்கே எதிராகவும் திரும்பும்.

முதல் சாட்சி, 'ஏமி', 2015. லண்டன் பாடகி ஏமி வைன்ஹவுஸ், 2011-ல் 27 வயதில் இறந்தவர். இயக்கியவர் இந்திய வம்சாவளியில் வந்த ஆசிஃப் கபாடியா. பேசுகிறவர்கள் முகத்தையே காட்டாமல், குரலை மட்டும் ஓடவிட்டு, மேலே அவளுடைய பழைய படங்கள். தோழியின் கேமராவில் பிறந்தநாள் பாட்டுப் பாடும் சிறுமி, படம் போகப்போகப் பத்திரிகைக்காரர்களின் ஃபிளாஷ் வெளிச்சத்தில் கண் கூசி ஓடும் பெண்ணாகிறாள். கேமரா கை மாறுவதையே கதையாக்கிவிட்டார். ஆஸ்கர் கிடைத்தது. அப்பாவோ, என்னைத் தப்பாகக் காட்டிவிட்டார்கள் என்று கொதித்தார். இப்போது சொல்லுங்கள், அந்த ஃபிளாஷ் படங்களை மறுபடி பார்க்க உட்கார்ந்த நாமும் அந்தக் கூட்டத்தில் கொஞ்சம் சேர்த்தி இல்லையா?

இரண்டாம் சாட்சி, 'ஃபிரேமிங் பிரிட்னி ஸ்பியர்ஸ்', 2021. நியூயார்க் டைம்ஸ் எடுத்தது. வளர்ந்த பெண்ணின் சொத்தும் வாழ்க்கையும் 2008-லிருந்து கோர்ட் உத்தரவால் அப்பாவின் பிடியில் இருப்பதைச் சொன்ன படம். ஊர் கொதித்தது, நவம்பரில் நீதிமன்றமே அந்த ஏற்பாட்டை ரத்து செய்தது. பெரிய நன்மை. ஆனால் படம் வந்த சில வாரத்தில் பிரிட்னி எழுதியது என்ன? முழுசாகப் பார்க்கவில்லை, பார்த்த அளவுக்கு வெட்கமாக இருந்தது, இரண்டு வாரம் அழுதேன். நல்லது செய்ய வந்தவர்களும் பழைய காட்சிகளைத்தான் எடுத்துப் போட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் துரத்தின அதே காட்சிகளை.

கட்சி சேர மாட்டேன். வாய்தா வாங்கிக்கொள்கிறேன்.

என் மகளும் நன்றாகப் பாடுகிறாள், வயது 11. பாடுவதையெல்லாம் வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். வருங்காலத்தில் உதவுமல்லவா?
பெருமைக்குரிய அப்பா, திண்டுக்கல்

உதவும். பீபர், பில்லி, ஏமி எல்லார் படத்திலும் உதவியிருக்கிறது. பெண் முகம் திருப்புகிற நாள் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். அவள் பெரிய பாடகியாகிவிட்டால் நாடாக்களை அவளிடம் கொடுத்துவிடுங்கள், மேலாளரிடம் வேண்டாம்.

ஜேம்ஸ் பாண்ட் படத்துக்குப் பாடியதும் இந்தப் பெண்தானே? அதுவும் படத்தில் வருமா?
சினிமாப் பைத்தியம், கரூர்

வரும். 'நோ டைம் டு டை' பாட்டை இசைப்பயணத்தில் பேருந்திலேயே அண்ணனும் தங்கையும் உட்கார்ந்து தட்டிக் கொட்டுகிறார்கள். 2022-ல் ஆஸ்கர். 2024-ல் 'பார்பி' படப் பாட்டுக்கு இரண்டாவது ஆஸ்கர், அப்போது வயது 22. அந்த வயதில் நான் தட்டச்சு லோயர் பரீட்சையில் இரண்டாம் முறை உட்கார்ந்திருந்தேன்.

இந்த வயதில் உமக்கு இதெல்லாம் தேவையா?
நலம்விரும்பி, திருவல்லிக்கேணி

பேத்தி சோபாவில் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். 2 மணி 20 நிமிடம். நடுவில் கைபேசியை எடுக்கவில்லை. இதற்கு மேல் விளக்க மாட்டேன்.

அடுத்து என்ன பார்க்கப் போகிறீர்கள்?
வாசகி, காரைக்கால்

நான் எங்கே முடிவு செய்வது? ஒலிவியா ரோட்ரிகோ என்ற இன்னொரு சின்னப்பெண்ணின் படமாம், 2022-ல் வந்தது. சால்ட் லேக் சிட்டியிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை காரில் போய்க்கொண்டே பாடுகிறாளாம். மனைவி இப்போதே கேட்டுவிட்டாள்: 'அவ்வளவு தூரமா? கூட யாராவது போறாங்களா?'